வீட்டுக்குப் போடும் ஒயர் அலுவலகத்துக்கு ஆகுமா?

கேள்வி: மூன்று தளக் கட்டடத்தில் அலுவலகம் அமைக்கிறோம். வீடுகளுக்குப் போடும் பி.வி.சி. ஒயரையே ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே இழுத்துவிடலாம் என்கிறார் எலக்ட்ரீஷியன். கடைக்காரரோ எஃப்.ஆர்., எஃப்.ஆர்.எல்.எஸ்., எல்.எஸ்.இசட்.எச். என்று எழுத்துகளாக அடுக்குகிறார். எதை வாங்குவது?

பதில்: எத்தனை ஆம்ப் தாங்கும் என்பதை அப்புறம் பார்க்கலாம். கேபிள் எந்த வழியாகப் போகிறது, தீப்பிடித்தால் அங்கே யார் மாட்டிக்கொள்வார்கள் என்பதை முதலில் பாருங்கள். சாதாரண பி.வி.சி. எரிந்தால் கரும்புகையோடு ஹைட்ரஜன் குளோரைடு வாயுவும் வரும். ஈரம் பட்டால் அது அமிலம். கண் எரிச்சலில் படிக்கட்டைத் தேடவே முடியாது. சீலிங்குக்கு மேலே ஏசி காற்று திரும்பும் வழி இருந்தால், அந்தப் புகையை ஏசியே அறை அறையாகக் கொண்டுபோகும். அமெரிக்க மின் விதித்தொகுப்பு, வீடுகளில் சகஜமான என்.எம். வகைக் கேபிளை (உலோகமில்லாத உறை போட்டது) வணிகக் கட்டடத்தின் ஃபால்ஸ் சீலிங்குக்குள் திறந்தபடி விட அனுமதிப்பதில்லை.

எஃப்.ஆர். என்றால் தீ பரவுவது குறையும், அவ்வளவுதான். எஃப்.ஆர்.எல்.எஸ்.சில் புகையும் அமில வாயுவும் குறையும், ஆனாலும் அது பி.வி.சி.தான். எல்.எஸ்.இசட்.எச்.சில் குளோரின் போன்ற ஹாலஜன்கள் கிடையாது. ஆட்கள் கூடும் இடத்துக்கும் வெளியேறும் வழிக்கும் நான் இதைத்தான் சொல்வேன். காற்று திரும்பும் இடத்தில் உலோகக் குழாயோ உலோக உறைக் கேபிளோதான் வேண்டும் என்னும் விதிகளும் உண்டு. உங்கள் கட்டடத்துக்கு எது பொருந்தும் என்று மின் பொறியாளரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

கடையில் எழுத்துகளை நம்பாமல் சோதனை எண்ணைக் கேளுங்கள். ஐ.இ.சி. (சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம்) தரம் 60332-1 ஒற்றைக் கேபிளை எரித்துப் பார்ப்பது. ட்ரேயில் கட்டுக்கட்டாகப் போகும் கேபிளுக்கு 60332-3 வேண்டும். அமில வாயுவுக்கு 60754, புகைக்கு 61034. ஃபயர் அலாரம், அவசர விளக்கு ஆகியவற்றுக்கு இவை எதுவும் போதாது. எல்.எஸ்.இசட்.எச். கேபிள் அதிகம் புகையாது, சரி. ஆனால் தீயில் கருகினால் அலாரமும் நின்றுவிடும். தீயிலும் மின்சாரம் கடத்துகிறதா என்று பார்க்கும் சோதனை 60331. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

கேள்வி: எக்ஸ்.எல்.பி.இ. (குறுக்குப்பிணைப்புப் பாலிஎத்திலீன் உறை) கேபிள் 90 டிகிரி சூடு தாங்குமாமே, ஒரு சைஸ் குறைத்து வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். பி.வி.சி.க்கு 70 டிகிரி, எக்ஸ்.எல்.பி.இ.க்கு 90 என்பது உண்மை. ஆனால் கேபிள் போய்ச் சேரும் ஸ்விட்ச், பிரேக்கர் முனைகள் 70 டிகிரிக்கானவை என்றால் கணக்கும் 70-க்குத்தான். போதாததற்கு, ஒரே குழாயில் மூன்று சர்க்யூட் நிறைந்த லோடோடு போனால் ஒவ்வொன்றின் தாங்குதிறனும் ஏறத்தாழ 70 சதவீதமாக இறங்கும். கம்ப்யூட்டரும் எல்.இ.டி. விளக்கும் நிறைந்த மூன்று பேஸ் இணைப்பில் நியூட்ரலை மட்டும் மெலிதாக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். இந்தக் கருவிகள் உண்டாக்கும் ஹார்மானிக்ஸில் (மின்னோட்ட அலையின் மடங்கு அதிர்வெண்கள்) மூன்றின் மடங்குகள் நியூட்ரலில் ஒன்றாய்ச் சேரும்.

கேள்வி: செம்பு சரியான அளவில் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

பதில்: மின்தடையை அளக்கச் சொல்லுங்கள். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பி (மெல்லிழைகளால் ஆன நெகிழ்வான வகை அல்ல) 20 டிகிரியில் கிலோமீட்டருக்கு 7.41 ஓமைத் தாண்டக்கூடாது. அதாவது 100 மீட்டர் காயிலுக்கு 0.741 ஓம். சாதாரண மல்டிமீட்டரில் இது துல்லியமாகத் தெரியாது, மில்லிஓம் மீட்டர் வேண்டும்.