வீட்டில் பச்சைக்கிளி வளர்த்தால் என்ன தப்பு? காட்டு உயிர்களை வளர்க்க அனுமதித்தால்தான் என்ன?

அனுமதிக்கவே கூடாது. புலி, சிறுத்தையை விட்டுவிட்டுக் கிளியைப் பற்றிக் கேட்பதால், உங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது என்று நினைக்கிறேன்.

என் மாமியாரும் கிளி வளர்த்தார். சந்தையில் வாங்கிய குஞ்சு. ஊறவைத்த கடலை, கொய்யா, பழுத்த மிளகாய் என்று பார்த்துப் பார்த்து ஊட்டுவார். அத்தையின் பாசத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சிறகு முளைக்க முளைக்க வெட்டிவிடுவார்கள். சாயங்காலம் எதிர் வேப்பமரத்துக்குக் கிளிக்கூட்டம் கத்திக்கொண்டு வரும்போது, இது அலகால் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பதிலுக்குக் கத்தும். நெஞ்சு இறகைத் தானே பிய்த்துப் போட்டு, அந்த இடத்தில் தோல் மட்டும் தெரியும். வருகிறவர்களோ, "எவ்வளவு அழகா பேசுது!" என்பார்கள்.

உடனே "நாய் வளர்க்கலாம், கிளி கூடாதா?" என்று யாராவது வருவீர்கள். நாய் பல ஆயிரம் வருடமாக மனிதனோடு வாழ்ந்து பழகிய இனம். சந்தைக்கு வரும் பச்சைக்கிளியோ மரப்பொந்தில் கைவிட்டுத் திருடிய குஞ்சு. கூடையில் அடைத்துக் கொண்டுவரும் வழியிலேயே பல செத்துப்போகும். நாம் காசு கொடுப்பதால்தான் அடுத்த பொந்திலும் கைவிடுகிறார்கள். கோழி சாப்பிடுகிறவள் இதைப் பேசலாமா என்றும் கேட்பீர்கள். சாப்பிடுகிறேன், பேசவும் செய்வேன்.

1972 வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பச்சைக்கிளி வளர்ப்பது குற்றம். 2022 திருத்தத்துக்குப் பிறகு அது அந்தச் சட்டத்தின் பாதுகாக்கப்பட்ட உயிரினப் பட்டியலான 2-ஆம் அட்டவணையில் இருக்கிறது. 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம். கடையில் விற்கும் லவ் பேர்ட்ஸ் வெளிநாட்டு இனம், கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்தது. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அத்தையிடம் பல மாதம் பேசி, வனத்துறையிடம் ஒப்படைத்தோம். அழுதார், ஆனால் அவரே கூண்டைத் தூக்கி வந்தார். சொந்தக்காரர்கள்தான் இன்றும் ஒவ்வொரு கல்யாணத்திலும் "வாயில்லா ஜீவனைத் துரத்தினவள்" என்கிறார்கள்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். கிளி இருந்தால், பயந்துபோய்க் கூண்டைத் திறந்து விட்டுவிடாதீர்கள். வெட்டிய சிறகோடு பறக்க முடியாது, காக்காயோ பூனையோ அடித்துவிடும். பக்கத்து வனச்சரக அலுவலகத்துக்கு நீங்களே போன் செய்து ஒப்படையுங்கள்.