டூட்டில பால் எடுக்க நேரமும் இல்ல, இடமும் இல்ல!

கேள்வி: அக்கா, நான் உசிலம்பட்டியில இருந்து மதுரைக்கு பஸ்ல வந்து ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸா வேலை பாக்குறேன். லீவு முடிஞ்சு சேந்துட்டேன், பாப்பாவுக்கு அஞ்சு மாசம். காலை டூட்டின்னா விடியக்காலம் 5 மணிக்கு பால் குடுத்துட்டு கிளம்பி வீடு திரும்ப மூணரை ஆயிரும். வார்டுல பால் எடுக்குற பம்ப்ப கையில எடுத்தாலே அட்மிஷன் வந்துருது, இல்லன்னா ரவுண்ட்ஸ். பால் கட்டிக்கிட்டு வலி தாங்க முடியல, டாய்லெட்டுல நின்னு பிழிஞ்சு கொட்டிட்டு வர்றேன். இப்ப பம்ப் பண்ணாலும் முன்ன மாதிரி வரல. பவுடர் பால் பழக்கிரலாம்னு அத்தை சொல்றாங்க, எனக்கு மனசு கேக்கல.

பதில்: தங்கச்சி, உனக்கு பால் வத்திப் போகல, மொதல்ல அந்த பயத்த விடு. பால் எடுக்காம மணிக்கணக்கா தேங்கி நின்னா உடம்பு தானா சுரப்ப கொறைக்கும், திரும்ப அடிக்கடி எடுத்தா பெரும்பாலும் கூடும். பம்ப்ல வர்ற அளவ வச்சு கணக்கு போடாத, புள்ள உறிஞ்சுற மாதிரி எந்த மெஷினும் உறிஞ்சாது. பாப்பா ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போகுதா, எடை ஏறுதா, அதப் பாரு.

நேரம் கிடைச்சா எடுக்கலாம்னு இருந்தா வார்டுல நேரம் கிடைக்கவே கிடைக்காது, அது உனக்கே தெரியும். அதனால மருந்து குடுக்குற நேரம் மாதிரி இதையும் குறிச்சு வையி: காலை மருந்து முடிஞ்சு ஒன்பது, ஒன்பதரைக்கு ஒண்ணு, அடுத்த டூட்டிக்காரங்ககிட்ட ஒப்படைக்கிற ஹேண்டோவருக்கு முன்னாடி பன்னெண்டரைக்கு ஒண்ணு. கூட இருக்க சிஸ்டர்கிட்ட "இந்த கால் மணி நேரம் என் பெட்ட பாத்துக்கங்க, உங்க சாப்பாட்டு நேரத்துக்கு நான் பாத்துக்கறேன்"னு பேசி வச்சுக்க. பத்து நிமிஷம்தான் கிடைச்சாலும் விட்டுறாத. பம்ப் மாட்ட நேரமில்லன்னா கையாலயே எடு, பிரசவ வார்டுல தாய்மாருக்கு நாமதான சொல்லித் தர்றோம்.

இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட தயங்கித் தயங்கி கேக்காத தாயி, இது சலுகை இல்ல. புள்ளைக்கு 15 மாசம் ஆகுற வரைக்கும் சாப்பாட்டு நேரம் போக தினம் ரெண்டு தடவ பாலூட்ட இடைவேளைன்னு 1961 மகப்பேறு சட்டத்துலயே இருந்துச்சு, 2017ல 26 வாரம் லீவு வந்தது அதே சட்டத்துலதான்; 2025 நவம்பர்ல இருந்து அதுக்குப் பதிலா வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் இந்த இடைவேளை இருக்கு. புள்ள ஊர்ல இருக்கு, அந்த நேரத்துல பால் எடுத்துக்கறேன்னு நர்சிங் சூப்பிரண்டுக்கு எழுதிக் குடு, கதவு பூட்டுற மாதிரி ஒரு ரூமும் கேளு. 2015ல பஸ் ஸ்டாண்டுல எல்லாம் பாலூட்டும் அறை வச்ச ஊரு நம்ம ஊரு, ஒரு ஆஸ்பத்திரி தன் நர்ஸுக்கு டாய்லெட்ட காட்டுறது எனக்கு ஆத்தாமையா இருக்கு. இனிமே அங்க நின்னு எடுக்காத, எடுத்த பால கொட்டவும் செய்யாத.

வெளிய வச்சா நாலு மணி நேரம் தாங்கும்கிறது 25 டிகிரி சூட்டுக்குச் சொன்னது, நம்ம மதுரை வெயிலுக்கும் பஸ்சுக்கும் அது செல்லாது. எடுத்த உடனே மூடி போட்டு, நேரம் எழுதி, உறைஞ்ச ஐஸ் பேக் வச்ச கூலர் பேக்ல வச்சிரு, ஒரு நாள் வரைக்கும் தாங்கும். ஸ்டாஃப் ரூம் ஃப்ரிட்ஜ்ல வைக்கலாம், மருந்து, தடுப்பூசி வைக்கிற ஃப்ரிட்ஜ் வேணாம். வீட்டு ஃப்ரிட்ஜ்ல உள்பக்கமா வச்சா நாலு நாள். பம்ப்ப வார்டு சிங்க்ல கழுவாத, அதுக்குன்னு ஒரு தனி டப்பா வச்சுக்க.

அத்தைகிட்ட சண்டை வேணாம், பாவம், பேத்தி பசியில அழுறத நாள் முழுக்க பாக்குறது அவங்கதான். பால அடுப்புல வைக்காம வெந்நி பாத்திரத்துல இறக்கி வச்சு, பாலாடையில குடுக்கச் சொல்லு, புள்ள குடிச்சு வச்ச மிச்சத்த ரெண்டு மணி நேரத்துக்கு மேல வைக்கக் கூடாதுன்னும் சொல்லிரு. வீட்டுல இருக்க நேரமெல்லாம் நேரடியா குடு, ராத்திரியில கட்டாயம் குடு, அப்பதான் சுரப்புக்கான ஹார்மோன் கூட இருக்கும்.

மார்புல ஒரு பக்கம் செவந்து, காய்ச்சல் குளிர் வந்தா மாத்திரையப் போட்டுட்டு டூட்டிக்கு ஓடாத, அன்னைக்கே டாக்டரப் பாரு. அப்பவும் பால் குடுக்குறத நிப்பாட்ட வேண்டியதில்ல.