பெங்களூரு ஆஃபரை ஏற்கலாமா? கேள்வி பதில்

ஐடி கம்பெனிகளுக்குச் சம்பளப் பட்டியல் போடுவது என் தொழில். பெங்களூருக்கு மாறும் யோசனையில் இருப்பவர்கள் கேட்டதற்கெல்லாம் இங்கே பதில் சொல்கிறேன்.

கோவை வாசகர்: சொந்த வீடு, 11 லட்சம் சிடிசி. பெங்களூரில் 18 லட்சம் தருகிறார்கள், அதில் 10 சதவீதம் வேரியபிள். ஒயிட்ஃபீல்டில் வாடகை 32,000 சொல்கிறார்கள். போகலாமா சார்?

சிடிசி என்பது கம்பெனி உங்களுக்காக ஆண்டுக்குச் செய்யும் மொத்தச் செலவு. அதை 12ஆல் வகுக்காதீர்கள். ஆஃபர் லெட்டரின் கடைசித் தாளை எடுங்கள். வேரியபிள், அதாவது கிடைக்கும் என்ற உறுதி இல்லாத பகுதி, 1,80,000 தனி. பேசிக் (அடிப்படைச் சம்பளம்) சிடிசியில் பாதி என்றால், கம்பெனி கட்டும் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) 1,08,000, கிராஜுவிட்டி (பணிக்கொடை) பேசிக்கில் 4.81 சதவீதம், சுமார் 43,000. இவை இரண்டும் அந்த 18க்குள்தான் அடக்கம். மீதி மாதம் 1,22,400. உங்கள் பங்கு பிஎஃப் 9,000, புதிய வரிமுறையில் 2025-26 வருமான வரி 7,700, கர்நாடகத் தொழில்வரி 200 போக, கைக்கு வருவது 1,05,500.

இப்போதைய 11 லட்சத்தையும் இதேபோல் பிரித்தால், வேரியபிள் இல்லாத பட்சத்தில், கைக்கு 78,000 வரும். புதிய வரிமுறையில் சம்பளக்காரருக்கு 12,75,000 வரை வரி இல்லாததால் உங்களிடம் இன்று வரியே பிடிப்பதில்லை. ஆக, ஏழு லட்சம் கூடியும் மாதம் 27,000தான் அதிகம். வாடகையே 32,000! பிஎஃபில் இரண்டு பங்கும் சேர்ந்து மாதம் 7,000 கூடும். அது உங்கள் பணம்தான், ஆனால் அதை வைத்து வாடகை கொடுக்க முடியாது. 22 லட்சமாவது கேட்டுப் பாருங்கள். எந்தக் காரணத்துக்காகவும் வேரியபிளை நம்பி வீடு பேசாதீர்கள்.

மதுரை வாசகி: வாடகை ரசீது கொடுத்தால் வரி குறையுமே?

பழைய வரிமுறையில் மட்டும். புதியதில் எச்ஆர்ஏ (வீட்டு வாடகைப்படி) விலக்கு கிடையாது.

சேலம் வாசகர்: ஆபீஸ் எலக்ட்ரானிக் சிட்டி. ஓசூரில் வீடு எடுத்தால்?

நான் ஆதரிக்கும் யோசனை இது. வண்டி தமிழ்நாட்டுப் பதிவிலேயே இருக்கலாம், பிள்ளைகள் தமிழ் படிக்கலாம், வாடகையும் குறைவு. 2025 ஆகஸ்டிலிருந்து எலக்ட்ரானிக் சிட்டி வழியாகப் பொம்மசந்திரா வரை மெட்ரோ மஞ்சள் தடம் ஓடுகிறது. மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டி அங்கே போய் ஏறிவிடலாம்.

ஓசூர் வாசகர் (குறுக்கிட்டு): சார், இங்கேயும் வாடகை ஏறிடுச்சு. காலையில அத்திப்பள்ளி டோல்ல நின்னு பார்த்துட்டுச் சொல்லுங்க. தினமும் ரோட்டுலயே பாதி உசிர் போயிடுது.

டோல் நெரிசலை மறுக்கவில்லை. வாரம் ஐந்து நாளும் ஆபீஸ் என்றால் நீங்கள் சொல்வது சரி, எலக்ட்ரானிக் சிட்டி பக்கமே பாருங்கள். இரண்டு மூன்று நாள் என்றால் ஓசூர்தான் என்பேன்.

ஓசூர் வாசகர்: ஆபீஸ் மாறினா?

நல்ல கேள்வி. ப்ராஜெக்ட் மாறி, நகரின் கிழக்கே இருக்கும் ஒயிட்ஃபீல்டுக்கு அனுப்பினால் ஓசூர் கணக்கு அன்றோடு முடிந்தது. கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால் இருவர் ஆபீஸையும் வரைபடத்தில் குறித்துவிட்டு முடிவெடுங்கள். ஒருவருக்கு அதே கிழக்குப் பக்கமுள்ள மாரத்தஹள்ளி என்றால் ஓசூர் வேண்டவே வேண்டாம். சேலத்துக்காரர் தன் ஆபீஸில் எத்தனை நாள் வரச் சொல்கிறார்கள் என்று எழுதட்டும், மேற்கொண்டு பேசலாம்.

சென்னை வாசகர்: 20 லட்சம் பெங்களூருக்குப் போதுமா?

மறுபடியும் அதே கேள்வி. கோவைக்காரருக்குப் போட்ட கணக்கில் உங்கள் எண்களைப் போடுங்கள். வேரியபிளைக் கழித்த பிறகு!

திருச்சி வாசகர்: காரையும் கொண்டுபோகலாமா?

12 மாதத்துக்கு மேல் அங்கே ஓட்டினால் கர்நாடகப் பதிவு எண் வாங்க வேண்டும். இங்குள்ள ஆர்டிஓவிடம் தடையில்லாச் சான்று, அங்கே ஆயுள் வரி. பழைய கார் என்றால் இங்கேயே விற்பது லாபம்.

நெல்லை வாசகி: கனடாவில் ஆஃபர் வந்திருக்கு அண்ணா...

அந்த நாட்டு வரி என் துறையல்ல அம்மா, அங்கே வேலை பார்ப்பவரிடம் கேளுங்கள்.

ஈரோடு வாசகர்: வீடு பார்க்கும்போது என்ன கேட்கணும்?

முதலில் தண்ணீர். காவிரி இணைப்பா, போர்வெல்லா, டேங்கரா என்று வாட்ச்மேனிடமே கேளுங்கள். 2024 மார்ச்சில் போர்வெல்கள் வற்றியபோது டேங்கரை நம்பியிருந்த அடுக்ககங்கள் பட்ட பாட்டை ஊரே பார்த்தது. டேங்கர் செலவு மெயின்டனன்ஸில் வருமா, தனியாகவா என்பதையும் கேளுங்கள். அட்வான்ஸ் எத்தனை மாத வாடகை, காலி செய்யும்போது பெயிண்ட் செலவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள் என்பது ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கட்டும்.