எழுத்துப்பிழைக்கு விலை, ஆட்டக்காரருக்கு?

கேள்வி: அமெரிக்க ஆட்டக்காரர் ஹோனஸ் வாக்னர் படம் போட்ட பழைய பேஸ்பால் அட்டை ஒன்று 2022-ல் 72.5 லட்சம் டாலருக்கு விற்றதாம். இப்படிப்பட்ட பெரிய ஆட்டக்காரர்களை விட்டால் மற்ற அட்டைகள் வெறும் காகிதம்தானே? (வாசகர், சேலம்)

பதில்: விலையை வைத்து ஆளை எடைபோடாதீர்கள். சிகரெட் பாக்கெட்டோடு வந்த, வாக்னர் இருக்கும் அதே அட்டை வரிசையில் (1909-11) பிலடெல்பியா அணியின் ஷெர்ரி மெகீயும் இருக்கிறார். 1910-ல் அமெரிக்காவின் இரு பெரிய லீகுகளில் ஒன்றான நேஷனல் லீகில் பேட்டிங் சராசரியில் முதலிடம் பிடித்தவர். அவர் பெயரில் ஓர் எழுத்து மாறி அச்சான அட்டைக்குத்தான் சேகரிப்பாளர்கள் கொட்டிக் கொடுக்கிறார்கள். பெயரைச் சரியாகப் போட்ட அட்டை அதைவிட எவ்வளவோ மலிவு. அப்படியானால் அந்தப் பணம் யாருக்காக?

1933-ல் கவுடி நிறுவனத்தின் பபிள்கம்மோடு வந்த அட்டைகளில் மோ பெர்க் என்ற கேட்சரை (அடிப்பவருக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிப்பவர்) பாருங்கள். 15 சீசன்கள், மொத்தமே 6 ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்சர் மாதிரி). பாதி நாள் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். ஆனால் பிரின்ஸ்டனில் மொழிகள் படித்தவர், அப்புறம் சட்டமும் படித்தார். 1934-ல் பேஸ்பால் நட்சத்திரம் பேப் ரூத்தோடு ஜப்பான் போனபோது, நோயாளியைப் பார்க்க வந்தவர்போல பூங்கொத்தோடு டோக்கியோவின் ஒரு மருத்துவமனைக்குள் நுழைந்து, மொட்டைமாடி ஏறி நகரத்தைப் படம்பிடித்தார். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அமெரிக்க உளவாளியானார். 1944 டிசம்பரில், சுவிட்சர்லாந்தின் சூரிச்சில் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பர்க் பேசிய அரங்கில் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். ஜெர்மனி அணுகுண்டை நெருங்கிவிட்டது என்று பட்டால் அவரைச் சுட்டுவிட வேண்டும் என்பது உத்தரவு. பெர்க் முழுப் பேச்சையும் கேட்டார், அப்படி எதுவும் இல்லை என்று முடிவுசெய்தார், சுடாமல் திரும்பினார்.

சரி, உளவாளி என்பதால் இவர் விதிவிலக்கு என்பீர்கள். சிகாகோ கப்ஸ் அணியின் கென் ஹப்ஸ்? 1962-ல் இரண்டாம் பேஸ் என்ற தடுப்பு இடத்தில் நின்று, தொடர்ந்து 78 ஆட்டங்கள் பந்தைத் தடுப்பதில் ஒரு பிழையும் இல்லாமல் ஆடிச் சாதனை படைத்தவர். விமானம் என்றாலே பயம். அதைப் போக்கிக்கொள்ள விமானம் ஓட்டவே கற்றுக்கொண்டார். 1964 பிப்ரவரியில் யூட்டாவில் அவர் ஓட்டிய சிறு விமானம் விழுந்து இறந்தார். வயது 22. அந்த ஆண்டு வரிசையில் அட்டை வெளியிடும் டாப்ஸ் நிறுவனம் அவருக்கும் ஓர் அட்டை போட்டது, ‘நினைவாக’ என்ற சொல்லோடு.

அதை வெறும் காகிதம் என்று என்னால் சொல்ல முடியாது.