பெயின்ட் அடிக்கும் முன் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி: 14 அடி நீளமுள்ள பழைய ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறேன். 30 வயதுக்கு மேல் இருக்கும் என்றார் விற்றவர். பல வருடம் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்ததாம். நிறம் மங்கிவிட்டது, தடவினால் வெள்ளைப் பொடி கையில் ஒட்டுகிறது. பாய்மரத்துக்குப் பக்கத்தில் மேல்தளத்தை மிதித்தால் லேசாக அமுங்குகிறது. எந்த பெயின்ட் வாங்கலாம்? வேலையை எங்கிருந்து தொடங்குவது?

பதில்: பெயின்டைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். உங்கள் கேள்வியில் முக்கியமானது அந்த அமுங்கும் இடம்தான்.

சிறிய ஃபைபர் படகுகள் பலவற்றில் மேல்தளம் மூன்று அடுக்காக இருக்கும். மேலே ஒரு ஃபைபர் தோல், கீழே ஒரு தோல், நடுவில் பால்சா மரமோ பிளைவுட்டோ நுரைப்பலகையோ. மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கும்வரைதான் அதற்குப் பலம். மேல்தளத்தில் ஒரு கப்பியையோ கயிறு கட்டும் கிளீட்டையோ திருகும்போது அந்தத் துளை நடு அடுக்கு வரை இறங்குகிறது. சில வருடத்தில் திருகைச் சுற்றித் தண்ணீர் புகாமல் அடைத்திருக்கும் சீலன்ட் காய்ந்து வெடிக்கிறது. மழைத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போகிறது. போன தண்ணீருக்கு வெளியே வர வழி இல்லை. மரம் ஊறி மட்கத் தொடங்குகிறது. மேலே எத்தனை கோட் பெயின்ட் அடித்தாலும் உள்ளே மட்குவது நிற்காது. சேதம் கண்ணில் படாமல் மறைந்துபோவதுதான் மிச்சம்.

அதனால் முதல் வேலை, படகைக் காய வைப்பது. வடிகால் அடைப்பானைக் கழற்றி, அணியம் (படகின் முன்பக்கம்) உயரும்படி முட்டுக்கொடுத்து, படகை மிதக்கவைக்கும் காற்றறைகளின் மூடிகளை எல்லாம் திறந்துவிடுங்கள். மழை படாமல், காற்று மட்டும் ஓடும்படி மேலே கூரை கட்டுங்கள். ஓரிரு வாரம் பொறுங்கள்.

அப்புறம் ஒரு ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் கைப்பிடியால் மேல்தளம் முழுக்க ஒரு அங்குலம் விட்டு ஒரு அங்குலம் தட்டிப் பாருங்கள். நல்ல இடத்தில் 'டக் டக்' என்று கூர்மையாகக் கேட்கும். ஒட்டு விட்ட இடத்தில் சத்தம் மொத்தையாக விழும். சத்தம் மாறும் எல்லையைப் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். அமுங்கும் இடத்தைவிடக் கெட்ட இடம் பெரும்பாலும் அகலமாகவே இருக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால், கைக்கு எட்டும் இடத்தில், கீழ்ப்பக்கமிருந்து கீழ்த்தோலில் மட்டும் சின்ன துளை போடுங்கள். துரப்பணத்தில் வரும் மரத்தூள் வெளிறி, உலர்ந்து இருந்தால் பயமில்லை. கறுத்து ஈரமாக வந்தால் அந்தப் பகுதியைத் திறந்தே ஆக வேண்டும்.

வரிசையாகத் துளை போட்டு எபாக்ஸியை (ஹார்டனர் கலந்தால் இறுகும் பிசின்) ஊற்றினால் போதும் என்று சிலர் சொல்வார்கள். ஈர மரத்தில் எபாக்ஸி ஊறாது. துளையைச் சுற்றிக் கொஞ்சம் இறுகும், மற்றது அப்படியே மட்கும். தோலை வெட்டி எடுத்து, மட்கிய மரத்தைச் சுரண்டி, நன்றாகக் காய வைத்து, புதுப் பலகையை எபாக்ஸியில் பதிப்பதுதான் சரியான வழி. பாய்மரம் நிற்கும் இடம் என்பதால் அங்கே மென்மையான பால்சா வேண்டாம், மரைன் பிளைவுட் வையுங்கள். தோலை மறுபடி மூடும்போது வெட்டிய விளிம்பைச் சரிவாகத் தேயுங்கள். தோலின் தடிமனைப்போல 12 மடங்கு சரிவு வேண்டும்; 3 மில்லிமீட்டர் தோலுக்கு 36 மில்லிமீட்டர். புது ஃபைபர் அந்தச் சரிவில்தான் பழையதைப் பிடித்துக்கொள்கிறது.

இந்த வேலைக்குப் பாலியஸ்டர் ரெசினைவிட எபாக்ஸி நல்லது, பழைய ஃபைபரில் அதன் பிடிப்பு வலுவானது. ஆனால் கலவை அளவில் கறாராக இருங்கள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் எபாக்ஸி கடைசிவரை முழுப் பலம் பெறாது. இறுகியபின் மேலே மெழுகுபோல ஒரு படலம் படியலாம். உப்புத்தாள் போடும் முன் அதை வெறும் தண்ணீரால் தேய்த்துக் கழுவிவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த கோட் உரிந்து வரும்.

நல்ல நிலையில் இருக்கும் மற்ற திருகுகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். துளையைக் கொஞ்சம் பெரிதாக்கி, எபாக்ஸியால் நிரப்பி, இறுகியபின் நடுவில் புதிதாகத் துளையிடுங்கள். இனி சீலன்ட் விட்டுக்கொடுத்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. அலுப்பான வேலைதான். ஆனால் இந்தப் படகை இன்னும் 20 வருடம் காப்பாற்றப்போவது இதுதான் என்பது என் உறுதியான கருத்து. மாட்டும்போது மேல்தளத்துக்கு பியூட்டைல் டேப் (ஒட்டும் தன்மையுள்ள மென்மையான ரப்பர் பட்டை) போதும். சிலிகானைத் தொடாதீர்கள், அது விட்டுப்போகும் பிசுக்கில் பிறகு பெயின்ட்கூட ஒட்டாது.

பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்களின் வயது தெரியவில்லையென்றால் மொத்தமாக மாற்றிவிடுங்கள். துருப்பிடிக்காத எஃகு, காற்றுப் படாத இடுக்கில் உப்புத் தண்ணீர் தேங்கினால் உள்ளுக்குள் அரிக்கும். முனைகளில் வரும் விரிசல் வெளியே தெரிவதற்குள் நாள் கடந்திருக்கும். அலுமினியப் பாய்மரத்தில் எஃகு ரிவெட்டுகளைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அது வேறு வேறு உலோகங்கள் இரண்டும் உப்பு ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் வரும் அரிப்பு. பாயில் துணியைவிடத் தையல் நூல்தான் வெயிலில் முதலில் போகும். நகத்தால் கீறினால் நூல் அறுந்தால், துணி நன்றாக இருக்கும்வரை தையலை மட்டும் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

சரி, பெயின்ட். கையில் ஒட்டும் வெள்ளைப் பொடி வெயிலில் செத்த ஜெல்கோட், அதாவது ஃபைபரின் மேலிருக்கும் நிறப் பூச்சு. அந்தப் பூச்சு இன்னும் தடிமனாக இருந்தால் ரப்பிங் காம்பவுண்ட் போட்டுத் தேய்த்து மெழுகு பூசினாலே பளபளப்பு திரும்பும், பெயின்டே தேவைப்படாமல் போகலாம். ஒரு சதுர அடியில் முயன்று பாருங்கள். தேறாவிட்டால் இரண்டு பகுதி பாலியூரித்தேன் பெயின்டை ரோலரால் அடியுங்கள். ஸ்பிரே மட்டும் வேண்டாம், அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். ஓட்டியபின் படகைக் கரையேற்றி வைப்பீர்களென்றால், பாசி பிடிக்காமல் தடுக்கும் அடிப்பெயின்ட் தேவையே இல்லை.

அடியில் ஏற்கெனவே பழைய அடிப்பெயின்ட் இருந்தால் அதை உலர்வாகத் தேய்க்காதீர்கள். செம்பு, சில பழைய பெயின்ட்களில் கப்பல்களுக்கு 2008 முதல் சர்வதேச அளவில் தடையிலிருக்கும் வெள்ளீயச் சேர்மம் எல்லாம் அந்தத் தூசியில் இருக்கலாம். நனைத்துத் தேயுங்கள். ஃபைபர் தேய்க்கும்போதும் வடிகட்டியுள்ள முகமூடி கட்டாயம்.

படகைத் தண்ணீரில் இறக்குவதற்கு முன், அடியில் இறங்கி ஏறும் நடுப்பலகையின் கூட்டைச் சுற்றி உள்ளே கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அடியில் எங்கே சொட்டுகிறது என்று பாருங்கள். காற்றறைகளின் மூட்டுகளில் சோப்புத் தண்ணீர் தடவி, அறைக்குள் வாயால் மெதுவாக ஊதினால் ஓட்டை இருக்கும் இடத்தில் குமிழி வரும். கம்ப்ரஸர் வைத்தால் அறையே பிளந்துவிடும்.

பாய்மரத்தை நிமிர்த்தும் முன் தலைக்கு மேல் மின்கம்பி இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அலுமினியம் அதைத் தொட்டால் உயிர் போகும். முதல் நாள் காற்று குறைவாக இருக்கும்போது, கழுத்தளவுக்கு மேல் போகாத தண்ணீரில், உயிர்காப்புச் சட்டை போட்டுக்கொண்டு, துணைக்கு ஒருவரை வைத்துக்கொண்டு படகை வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்துங்கள். இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் மிதக்கிறதா, எந்த அறைக்குள் தண்ணீர் போயிருக்கிறது என்பது அப்போது தெரிந்துவிடும். ஒரு பக்கம் தாழ்ந்தால் அன்று பாயை விரிக்க வேண்டாம். கரைக்குக் கொண்டுவந்து அந்தப் பக்கத்து மூடியைத் திறந்து பாருங்கள்.