உர மூட்டையிலேருந்து ஆரம்பிங்க: வாசகர் கேள்வி பதில்

மலேசியாவுல ஃபார்ம் ஃபைவ் பிள்ளைங்க எழுதுற எஸ்பிஎம் பரீட்சை ரிசல்ட் வந்தாலும் வந்துச்சு, இந்த மாசம் வந்த கடிதத்துல முக்காவாசி கிமியா, அதாவது கெமிஸ்ட்ரிதான். மத்த கேள்வியெல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டேன், கோவிச்சுக்காதீங்க. எல்லாமே பேராக்ல இருக்குற சுங்கை சிப்புட் பக்கத்து தோட்ட லயம், தாமான் (குடியிருப்பு) வீடுங்கள்லேருந்து வந்தது.

கேள்வி: சார், நான் கெமிஸ்ட்ரி டிகிரி முடிச்சிட்டு வேலைக்குக் காத்துக்கிட்டு இருக்கேன். சும்மா இருக்குறதுக்கு நம்ம கோயில் மண்டபத்துல, யூனிவர்சிட்டிக்கு முந்தின படிப்பான மெட்ரிக்குலேஷன், ஃபார்ம் சிக்ஸ் போகப்போற பிள்ளைங்களுக்கு ஒரு அறிமுக கிளாஸ் ஆரம்பிக்கலாம்னு பாக்குறேன். பத்துப் பன்னெண்டு பேர் வருவாங்க, ஆறு வாரம் டைம் இருக்கு. லேப் கிடையாது, ஒரு வெள்ளைப் பலகைதான். ஃபார்ம் சிக்ஸ் புத்தகத்தை முதல் பாடத்துலேருந்து அப்படியே நடத்திடவா? (ஒரு வாசகி)

பதில்: நல்ல காரியம் தங்கச்சி, தாராளமா பண்ணுங்க. ஆனா புத்தகத்தை முதல் பக்கத்துலேருந்து ஓட்டாதீங்க, ஏன்னா அதை காலேஜ்லயும் பள்ளிக்கூடத்துலயும் எப்படியும் ஓட்டத்தான் போறாங்க, உங்க ஆறு வாரத்துல அதுல கால்வாசிகூட தாண்ட முடியாது, பிள்ளைங்களும் "இதெல்லாம் அங்கேயும் வரும்ல"ன்னு தூங்கிடும். நீங்க பிடிக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு, மோல் கணக்கு (டஜன் மாதிரி, அணு, மூலக்கூறை மொத்தமா எண்ணுற அளவுதான் மோல்). எஸ்பிஎம்ல ஏ வாங்குன பிள்ளைகூட பாதி நேரம் ஃபார்முலாவை முக்கோணமா வரைஞ்சு எதையாவது மூடிட்டுத்தான் கணக்குப் போடுது, எதை எதால வகுக்குறோம், ஏன் வகுக்குறோம்னு கேட்டா முழிக்குது. அந்த முக்கோணத்தோட மெட்ரிக் போனா கான்சென்ட்ரேஷன், கேஸ், ஈக்விலிப்ரியம், எலக்ட்ரோகெமிஸ்ட்ரின்னு எங்க போனாலும் முட்டும், எல்லாத்துக்கும் அடியில அதே மோல்தான் இருக்கு.

முதல் நாள் ஒரு காலி உரச் சாக்கைக் கொண்டுவந்து முன்னாடி போடுங்க. தோட்டத்துல அதுக்கா பஞ்சம்? யூரியா சாக்குல 46 பெர்சன்ட் நைட்ரஜன்னு அச்சடிச்சிருக்கும். அந்த 46 எங்கேருந்து வந்துச்சுன்னு கேளுங்க, பதில் சொல்லாதீங்க. ஒரு யூரியா மூலக்கூறுல ஒரு கார்பன், ஒரு ஆக்சிஜன், ரெண்டு நைட்ரஜன், நாலு ஹைட்ரஜன், ஆக அணு எடைப்படி 12, 16, 28, 4, கூட்டுனா 60. அதுல நைட்ரஜன் 28. இருபத்தெட்டை அறுபதால வகுத்தா 46.7 வரும். சாக்குல ஏன் கொஞ்சம் கம்மியா போட்டிருக்கான்னு எவனாவது கேட்டா அவனை முன்னாடி உக்கார வைங்க, சரக்கு நூத்துக்கு நூறு சுத்தமா இருக்காது, ஈரம் இருக்கும், தயாரிக்கும்போது உண்டான வேற பொருள் கொஞ்சம் இருக்கும், அதான் காரணம். அப்புறம் அமோனியம் சல்ஃபேட் சாக்கு, 21 பெர்சன்ட். அதோட மோலார் மாஸ் (ஒரு மோலுக்கு எத்தனை கிராம்ங்கிறது) 132, நைட்ரஜன் அதே 28, போட்டுப் பாத்தா 21.2. ஒரு மூட்டை யூரியாவுல இருக்குற நைட்ரஜனை அமோனியம் சல்ஃபேட்டுல குடுக்கணும்னா எத்தனை மூட்டை தூக்கணும்? ரெண்டேகாலுக்குக் கொஞ்சம் கம்மி. உரம் போடுற வேலை செய்யுற அப்பா வீட்டுல இருந்தா இதைக் கேட்டுட்டு சிரிப்பாரு.

அடுத்தது, 50 கிலோ யூரியாவுல எத்தனை மோல்னு கேளுங்க. 833 வரணும். பாதி பேர் 0.83ன்னு எழுதுவாங்க, கிலோவை கிராமா மாத்தாம அப்படியே அறுபதால வகுத்திருப்பாங்க. அப்போ திட்டாதீங்க, ஒரு மோல்னா 60 கிராம், அதாவது ஒரு டம்ளருக்குள்ள அடங்குற அளவு, ஒரு மூட்டை முழுக்க ஒரு மோல்கூட இல்லையான்னு மட்டும் கேளுங்க. விடை வந்ததும் இது நடக்குற அளவுதானான்னு ஒரு தடவை பாக்குற பழக்கம் இருக்கே, ஆறு வாரத்துல அது வந்துட்டா மீதியைப் பத்தி நான் கவலைப்பட மாட்டேன். யூனிட்டை ஒவ்வொரு வரியிலயும் எழுதச் சொல்லுங்க, கடைசி வரியில மட்டும் ஒட்டுற பழக்கத்தை முதல் வாரமே வெட்டி விடுங்க.

லேப் இல்லைன்னு கவலை வேணாம். லிமிட்டிங் ரீஏஜென்ட்டுக்கு (முதல்ல தீந்துபோய் வினையை நிறுத்துற பொருள்) இதைப் பண்ணிப் பாருங்க. நாலு 1.5 லிட்டர் பிளாஸ்டிக் போத்தல், ஒவ்வொண்ணுலயும் 100 மில்லி வினிகர், லேபல்ல 5 பெர்சன்ட் அசிட்டிக் ஆசிட்னு இருக்கான்னு பாத்து வாங்குங்க. நாலு பலூன்ல 2, 4, 7, 10 கிராம் சோடா உப்பு, கேக் செய்யுறவங்க வச்சிருக்குற சின்ன டிஜிட்டல் தராசு போதும். பலூனைப் போத்தல் வாயில மாட்டி ஒரே நேரத்துல கவுத்துங்க. முதல் மூணும் ஒண்ணைவிட ஒண்ணு பெருசா உப்பும், நாலாவது மட்டும் மூணாவது அளவுலயே நின்னுடும், வினைபுரியாத சோடா உப்பு அடியில தூளாவோ கரைஞ்சோ மிச்சம் இருக்கும். பிள்ளைங்க தராசு தப்புன்னு சொல்லும். அப்பதான் பலகைக்குப் போங்க: 100 மில்லி வினிகர்ல சுமார் 5 கிராம் ஆசிட், மோலார் மாஸ் 60, ஆக 0.083 மோல். சோடா உப்பு மோலார் மாஸ் 84, ஏழு கிராமுக்கு அதே 0.083. ஏழுக்கு மேல எவ்வளவு கொட்டுனாலும் ஆசிட் தீந்துபோச்சு, கேஸ் எங்கேருந்து வரும்? ஏழு கிராமுக்கு கேஸ் ரெண்டு லிட்டர் கிட்ட வரணும், கொஞ்சம் தண்ணியில கரைஞ்சுபோகும், அதனால பலூன் அதைவிட லேசா சின்னதா இருக்கும். சின்ன போத்தல்ல மட்டும் பண்ணாதீங்க, நுரை பொங்கி பலூனுக்குள்ள ஏறி மண்டபமெல்லாம் நாறும்.

ஆசிட், ஆல்கலிக்கு வேலியோரம் சங்குப்பூ இருக்கும், வெந்நீர்ல போட்டா நீலம், எலுமிச்சை பிழிஞ்சா ஊதா, ரோஸ் பக்கம் போகும், சோடா உப்பு போட்டா பச்சையை நோக்கி நகரும். அது போதும். டைட்ரேஷன் பண்ணிக் காட்டுறேன்னு கெட்டி ஆசிட் எதையும் கோயில் மண்டபத்துக்குள்ள கொண்டு போகாதீங்க, தோட்டத்துல மருந்து அடிச்ச காலி போத்தலை எடுத்துக் கழுவி உபயோகப்படுத்துற வேலையும் வேணவே வேணாம்.

ஆறு வாரத்தை எப்படிப் பிரிக்கிறதுன்னா, என் கணக்குல மோல், கான்சென்ட்ரேஷன், லிமிட்டிங் ரீஏஜென்ட்டுக்கு மட்டும் மூணரை வாரம், எலக்ட்ரான் அமைப்புக்கு ஒரு வாரம், மீதி பாண்டிங்கும் மூலக்கூறு வடிவமும். ஆர்கானிக் பக்கமே போகாதீங்க, பெத்தவங்க கேப்பாங்க, இருந்தாலும் போகாதீங்க, ஃபார்ம் சிக்ஸ் பரீட்சையான எஸ்டிபிஎம்ல அது மூணாவது டெர்ம்தான் வருது. இன்னொண்ணு, பிள்ளைங்க வினை வேகத்தை "காடார் தின்டாக் பாலாஸ்"னு மலாய்ல படிச்சிட்டு வந்திருக்கும், மெட்ரிக்ல லெக்சர் இங்கிலீஷ்ல நடக்கும், அதனால பலகையில ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல எழுதிட்டு வாயால தமிழ்ல விளக்குங்க. இப்போதைக்கு இலவச உதவியா நடத்துங்க, பின்னாடி டியூஷன் சென்டர்னு போர்டு போட்டு காசு வாங்கி நடத்துற எண்ணம் இருந்தா 1996 கல்விச் சட்டப்படி கல்வி இலாகாவுல பதிவு பண்ணணும், அதை முன்னாடியே விசாரிச்சு வச்சுக்குங்க.

கேள்வி: அண்ணனோட பழைய நோட்டுல எஸ்டிபில (நிலையான வெப்பநிலை, அழுத்தத்துல) ஒரு மோல் கேஸ் 22.4 லிட்டர்னு இருக்கு. வேற புத்தகத்துல 22.7. டியூஷன்ல 24ன்னு போடுறாங்க. எதை மனப்பாடம் பண்ண? (எஸ்பிஎம் முடிச்ச மாணவி)

பதில்: மூணுமே சரிம்மா, மூணும் வேற வேற நிலைமை, அவ்வளவுதான். 0 டிகிரி செல்சியஸ், அழுத்தம் 1 அட்மாஸ்பியர்னா 22.4. உலக அளவுல கெமிஸ்ட்ரி விதிமுறை வகுக்குற ஐயுபாக் 1982ல அந்த அழுத்தத்தை 1 பார்னு மாத்துனாங்க, அதாவது 101325 பாஸ்கல் இருந்த இடத்துல 100000 பாஸ்கல். அழுத்தம் கொஞ்சம் குறைஞ்சா கேஸ் கொஞ்சம் விரியும்ல, அதான் 22.7. 24 வந்து ரூம் வெப்பநிலைக்கு, அதுகூட தோராயம்தான், 25 டிகிரியில 1 அட்மாஸ்பியர்னா 24.5 கிட்ட வரும். நம்ம ஊர் மத்தியான வெயில்ல இன்னும் மேல போகும். பரீட்சையில கேள்வித்தாள் எதைக் குடுக்குதோ அதைப் போடு. ஐடியல் கேஸ் சமன்பாடு படிச்ச பிறகு இந்த மூணையும் நீயே கால்குலேட்டர்ல எடுத்துடலாம்.

கேள்வி: ஃபார்ம் ஃபைவ் வரைக்கும் அணுவோட ஷெல்லுங்கள்ல எலக்ட்ரான் 2.8.8ன்னு நிறையும்னு படிச்சோம். சீனியர் நோட்டைப் பாத்தா மூணாவது ஷெல்லுக்கு 18ன்னு போட்டிருக்கு. அப்ப நாங்க படிச்சது பொய்யா சார்? (கோபமா ஒரு மாணவன்)

பதில்: கோபப்படாத தம்பி. மூணாவது ஷெல்லுல 3எஸ், 3பி, 3டின்னு மூணு அறை, ரெண்டு, ஆறு, பத்து, மொத்தம் 18. ஆர்கான் வரைக்கும் முதல் ரெண்டு அறை நிறைஞ்சு 8 ஆயிடுது. பொட்டாசியத்தோட 19ஆவது எலக்ட்ரான் 3டிக்குப் போகாம 4எஸ்ஸுக்குப் போகுது, அந்த இடத்துல அதுக்குத்தான் எனர்ஜி கம்மி. கால்சியம் வரைக்கும் அப்படித்தான், நீ படிச்ச 2.8.8.2 அங்க சரியா பொருந்தும். ஸ்கேண்டியத்துலேருந்துதான் 3டி நிறைய ஆரம்பிக்கும், எஸ்பிஎம்ல அவ்வளவு தூரம் எழுதச் சொல்லல, அதனால உனக்குத் தெரியல. ரெண்டு இடத்துல எல்லாரும் விழுவாங்க, இப்பவே குறிச்சுக்க: குரோமியம் 3டில அஞ்சு 4எஸ்ல ஒண்ணு, காப்பர் 3டில பத்து 4எஸ்ல ஒண்ணு. அப்புறம் இரும்பு அயனா மாறும்போது முதல்ல 4எஸ் எலக்ட்ரான்தான் கழண்டு போகும், கடைசியா போனது முதல்ல வெளிய வரும்னு நினைச்சு 3டிலேருந்து எடுத்துடாத.

கேள்வி: மகனுக்கு மெட்ரிக்குலேஷனும் கிடைச்சிருக்கு, ஃபார்ம் சிக்ஸுக்கும் கூப்பிட்டிருக்காங்க. கிமியால சி தான். எதுக்கு அனுப்ப? (செம்பனை மில் வேலை செய்யும் ஒரு தாய்)

பதில்: அக்கா, உள்ளூர் அரசாங்க யூனிவர்சிட்டிதான் குறின்னா ரெண்டு வழியும் போய்ச் சேரும். மெட்ரிக் பொதுவா ஒரு வருஷம், ரெண்டு செமஸ்டர், ஹாஸ்டல்ல தங்கணும், உங்களுக்குக் கிட்டன்னா கோப்பெங்ல இருக்கு. பாடம் வேகமா ஓடும், ஒரு வாரம் பின்தங்குனா பிடிக்கிறது கஷ்டம். ஃபார்ம் சிக்ஸ் ஒண்ணரை வருஷம், மூணு டெர்ம், ஒவ்வொண்ணுக்கும் தனிப் பரீட்சை, செய்முறை வேலையும் மார்க்குல சேரும், வீட்டுலேருந்தே போய் வரலாம், எஸ்டிபிஎம்முக்கு வெளிநாட்டுலயும் மதிப்பு உண்டு. சி வாங்குன பையன் தானா உக்காந்து படிக்கிற ஆளா, இல்ல பக்கத்துல ஆள் வேணுமா, அது உங்களுக்குத்தான் தெரியும். பக்கத்துல ஆள் வேணும்னா நான் ஃபார்ம் சிக்ஸ்தான் சொல்வேன், சொந்தக்காரங்க என்ன சொன்னாலும் சரி. எதுக்குப் போனாலும் மேல எழுதியிருக்குற தங்கச்சி மாதிரி யாராவது கிளாஸ் நடத்துனா இப்பவே சேத்து விடுங்க.

கேள்வி: அப்பா ரப்பர் பால் ஸ்டோர்ல வேலை. பாலுக்கு ஆசிட் ஊத்துறது, அமோனியா ஊத்துறது எல்லாம் பாடத்துல வருமா? (மாணவி)

பதில்: வரும்மா, பாலிமர் பாடத்துல. ரப்பர் பால்ல மிதக்குற துகளைச் சுத்தி புரதப் படலம், அதுல நெகட்டிவ் சார்ஜ், எல்லாமே நெகட்டிவ்ங்கிறதால ஒண்ணை ஒண்ணு தள்ளிக்கிட்டே இருக்கும், ஒட்டாது. ஃபார்மிக் ஆசிட் ஊத்துனா ஹைட்ரஜன் அயன் வந்து அந்த சார்ஜை அடக்கிடும், துகள்கள் மோதும், படலம் கிழியும், உள்ள இருக்குற ரப்பர் ஒண்ணா சேந்து கட்டியாகும். ஆசிட்டே ஊத்தாம கப்புல விட்டுட்டாலும் மறுநாள் கட்டிப்பாலா கெடக்குமே, அது பாக்டீரியா தானா ஆசிட் உண்டாக்குறதால. அமோனியா அந்த ஆசிட்டை முறிச்சிடும், பால் பாலாவே இருக்கும். இன்னொண்ணையும் கவனி, ஃபார்மிக் ஆசிட் வீக் ஆசிட்தான், ஆனா வினிகர்ல இருக்குறதைவிட அதோட கே-ஏ (ஆசிட்டோட பலத்தைக் காட்டுற எண்) சுமார் பத்து மடங்கு. ஈக்விலிப்ரியம் பாடம் வரும்போது இதையே கணக்கா போட்டுப் பாரு. ஸ்டோர்ல கெட்டியா இருக்குற டப்பாவை மட்டும் தொடாத, தோல் வெந்துடும்.

கேள்வி: புது கால்குலேட்டர் வாங்கணுமா? (அதே மாணவி)

பதில்: ப்ரோகிராம் பண்ண முடியாத சயின்டிஃபிக் கால்குலேட்டர் எஸ்பிஎம்முக்கு வச்சிருந்தியே, அதுவே போதும். பத்தின் அடுக்குக்கு இருக்குற பட்டனைப் பழகிக்க. அவகாட்ரோ எண்ணை அடிக்கும்போது 6.02, அப்புறம் அந்தப் பட்டன், அப்புறம் 23, அவ்வளவுதான். நடுவுல பெருக்கல் பத்துன்னு நீயும் சேத்து அடிச்சா விடை பத்து மடங்கா வந்து நிக்கும்.