நான்கு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காத அம்மா

கேள்வி: 79 வயதான என் அம்மா சுங்கை சிப்புட்டில் ஒரு முதியோர் இல்லத்தில் இருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி எங்களை வளர்த்தவர். ஊன்றுகோல் பிடித்து மெல்ல நடப்பார். இரவில் மட்டும் பேம்பர்ஸ். இரத்த அழுத்த மாத்திரையோடு, கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். தகரக் கூரை என்பதால் இந்த வெயிலில் அறை கொதிக்கிறது. மாலை நான்கு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை. மற்றபடி தொந்தரவு தராதவர் என்கிறார்கள் இல்லத்தார். மாதக் கட்டணம் தவறாமல் கட்டுகிறோம். எங்கள் செலவில் ஏர்கோன் மாட்டலாமா?
- வாசகர், ஷா ஆலம்

பதில்: தம்பி, ஏர்கோனைப் பற்றிப் பிறகு பேசலாம். நான்கு மணிக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எந்தக் காலத்துப் பழக்கம்? பொழுது சாய்ந்த பிறகு வாசலில் உட்கார்ந்து தேநீர் குடிக்காத தோட்டத்துத் தாயை நான் பார்த்ததில்லை. இரவில் குறைந்த ஆட்களே பணியில் இருக்கும் இடத்தில், தூங்குகிறவரை எழுப்பவும், நனைந்த பேம்பர்ஸோடு விடியும்வரை கிடக்கவும், அன்னியர் கையால் அதை மாற்றிக்கொள்ளவும் கூசித்தான் முதியவர்கள் தண்ணீரை நிறுத்துகிறார்கள். இதையே பல ஊர்களிலிருந்து எனக்கு எழுதியிருக்கிறார்கள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி உங்களை வளர்த்தவர், இன்று இன்னொருவர் தூக்கத்துக்காகத் தொண்டையைக் கட்டிக்கொண்டு கிடக்கிறார். 'தொந்தரவு தராதவர்' என்றதை நீங்கள் பாராட்டாக எடுத்துக்கொண்டு, அப்படியே எனக்கும் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். ஏன் குடிப்பதில்லை என்று அவரிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா?

வயதானால் தாக உணர்வு மங்கும், வியர்ப்பது குறையும், வியர்த்தாலும் நம் நாட்டு ஈரக் காற்றில் அது எளிதில் உலராது. பகலெல்லாம் காய்ந்த தகரமும் சுவரும் இரவிலும் வெப்பத்தை விட்டுக்கொண்டிருக்க, நீர் மாத்திரை உடலிலிருந்து நீரை வெளியேற்றிக்கொண்டிருக்கும். மலேசிய வானிலைத் துறை, மூன்று நாள் தொடர்ந்து வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தொட்டாலே முதல் நிலை வெப்ப எச்சரிக்கை விடுகிறது. அப்படிப்பட்ட நாளில் மாலை நான்கு மணி முதல் மறுநாள் காலைவரை உங்கள் அம்மா வறண்ட தொண்டையோடு படுத்திருக்கிறார்.

முதியோர் இல்லத்தில் சேர்த்ததை நான் குற்றம் என்று சொல்லமாட்டேன். கட்டணம் கட்டியதும் கடமை தீர்ந்துவிட்டது என்று நினைப்பதைத்தான் ஒப்பமாட்டேன். இந்த வாரமே, பகலில் அல்ல, மாலையில் போய் இருட்டும்வரை அவர் பக்கத்தில் இருங்கள். மனைவியையோ தங்கையையோ அனுப்பிவிட்டு ஒதுங்காதீர்கள். பெற்றவளின் சிறுநீரைப் பற்றிப் பேசுவதில் மகனுக்கு என்ன வெட்கம்? கட்டிலருகே கழிவறை நாற்காலி ஒன்றை வாங்கிப் போடுங்கள். படுக்கப்போகும் முன்பும் நள்ளிரவிலும், அவர் கூப்பிடாமலேயே ஊழியர் வந்து கேட்க வேண்டும் என்று இல்லப் பொறுப்பாளரிடம் முறையாகப் பேசி எழுதி வாங்குங்கள்.

பொதுவாக இந்த வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1.6 லிட்டராவது பானம் வேண்டும். ஆனால் அம்மாவுக்குக் கால் வீக்கம் இருப்பதால் அளவை மருத்துவரே சொல்லட்டும். நீர் மாத்திரையைக் காலையில் கொடுக்கலாமா என்றும் அவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்திவிடக் கூடாது. வெறும் தண்ணீர் இறங்காவிட்டால் உப்புக் குறைத்த மோரும், கஞ்சியும், தர்பூசணியும் கொடுக்கலாம். மருத்துவர் சொல்லும் அளவில் அவற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். திடீரென்று பேச்சுத் தடுமாறி, உடல் அனலாகக் கொதித்தால் அதை வயதின் குழப்பம் என்று விட்டுவிட வேண்டாம் என்று ஊழியர்களிடம் சொல்லி வையுங்கள். உடனே 999ஐ அழைத்துவிட்டு, உடம்பை நனைத்து விசிற வேண்டும். மயக்கத்தில் இருப்பவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இவ்வளவும் செய்த பிறகு ஏர்கோனைத் தாராளமாக மாட்டுங்கள். காற்று கட்டிலில் நேராகப் படாத சுவராகப் பாருங்கள். மின்கட்டணம் யார் பொறுப்பு என்பதையும், இரவில் யாரும் அணைத்துவிடக் கூடாது என்பதையும் முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.